ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஓகேயு அட்டை: சுங்கை சிப்புட் வட்டாரப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

"கை கால் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, ஆட்டிசத்துக்கு எப்படி ஓகேயு அட்டை கொடுப்பார்கள்?" சுங்கை சிப்புட் பக்கம் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். கொடுப்பார்கள். ஓகேயு அட்டை என்பது மாற்றுத்திறனாளியாகப் பதிந்தவருக்குக் கொடுக்கும் அட்டை. சமூகநல இலாகா மாற்றுத்திறனாளிகளை ஏழு பிரிவுகளில் பதிகிறது: செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகை. ஆட்டிசம் கற்றல் பிரிவில் வரும். பிள்ளை கணக்கில் புலியாக இருந்தாலும் அதே பிரிவுதான். பெயரைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம்.

இதற்கு அடிப்படை 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685. பதிவு கட்டாயமில்லை, அட்டைக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் கீழே சொல்லும் உதவிகளில் பலவற்றுக்கு விண்ணப்பிக்கப் போனால் முதலில் அட்டையைத்தான் கேட்பார்கள்.

சின்ன வயதிலேயே ஆட்டிசம் என்று தெரிந்த பிள்ளைகளுக்கு எப்படியோ வழி கிடைத்துவிடுகிறது. எனக்குக் கவலை பதினைந்து, பதினாறு வயதாகியும் பதியாமல் இருப்பவர்களைப் பற்றித்தான். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டும் "அமைதியான பிள்ளை", "கொஞ்சம் பிடிவாதம்" என்ற பேரோடு ஓடிவிடுகிறது. பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் மோசம், அடக்கமான பெண் என்று பாராட்டியே விட்டுவிடுவோம். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் சிக்கல் தொடங்கும். பெரிய பள்ளி, பாடத்துக்குப் பாடம் புது ஆசிரியர், கேண்டின் இரைச்சல். கோவில் திருவிழாவில் உறுமி மேளம் ஆரம்பித்ததும் காதைப் பொத்திக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும் பையனைப் பார்த்து, "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று சொந்தக்காரர்களே அம்மாவிடம் சொல்வார்கள். அந்தச் சத்தம் அவனுக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

அப்புறம் இன்னொரு தயக்கம். அக்காவுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இது எதற்கு, தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடுமே என்று. ஓகேயு அட்டை அடையாள அட்டையோடு சேராத தனி அட்டை. காட்ட வேண்டிய இடத்தில் நீங்களாகக் காட்டினால்தான் உண்டு.

சரி, எங்கே ஆரம்பிப்பது? உள்ளூர் அரசாங்க கிளினிக்கில் அல்லது சுங்கை சிப்புட் மருத்துவமனையில் டாக்டரைப் பார்த்து, நிபுணரிடம் அனுப்பும் கடிதம் கேளுங்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். சின்னப் பிள்ளைகளைக் குழந்தைநல நிபுணர் பார்ப்பார். வளர்ந்த பிள்ளைகளை மனநல நிபுணரிடம் அனுப்பலாம். மனநலம் என்றதும், மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் பேரைச் சொல்லிக் கேலி செய்யும் பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. அந்தக் கேலிக்குப் பயந்து ஓராண்டு தள்ளிப்போட்டால், பள்ளியில் கிடைக்க வேண்டிய ஓராண்டு உதவி போகிறது.

நிபுணரைப் பார்க்கும் நாளுக்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில், வீட்டில் நடப்பதை நடந்தபடியே எழுதி வையுங்கள். "பல் தேய்க்கும் பிரஷ் மாறியதால் அன்று பள்ளிக்குப் போகவில்லை." "பள்ளி பஸ் வேறு வழியாகப் போனது, வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் பேசவில்லை." "சோற்றில் குழம்பு பட்டால் தட்டைத் தள்ளிவிடுகிறான், தனித்தனியாக வைத்தால் சாப்பிடுகிறான்." இப்படி எழுதினால் போதும். டாக்டர் அறையில் பிள்ளை கைகட்டி அமைதியாக உட்கார்ந்திருக்கலாம், கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லலாம். அந்த அரை மணி நேரத்தில் தெரியாதது உங்கள் நோட்டில் இருக்கும். சிறுவயதில் எப்போது பேச ஆரம்பித்தான், எப்படி விளையாடினான் என்றெல்லாம் கேட்பார்கள். அதனால் பழைய கிளினிக் புத்தகம், தமிழ்ப்பள்ளி மதிப்பெண் அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். பால்வெட்டுக்கு விடியற்காலையில் போகும் பெற்றோரைவிட, பிள்ளையோடு வீட்டில் இருக்கும் பாட்டிக்கு அதிகம் தெரிந்திருந்தால், பாட்டியை அழைத்துப் போவதே நல்லது.

ஆட்டிசம் என்று உறுதியானதும் பதிவு பாரத்தில் டாக்டர் தன் பகுதியை நிரப்பிக் கையெழுத்திடுவார். பிள்ளையின் அடையாள அட்டை நகல், பிறப்புப் பத்திரம், பெற்றோரின் அடையாள அட்டை நகல், கடப்பிதழ் அளவுப் படம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் இருப்பதால், அந்த மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஸ்மோகு என்ற இணையப் பதிவு முறையும் உண்டு. பதினாறு வயதுப் பிள்ளையிடம் எதற்கு இந்த அட்டை என்று முன்பே சொல்லிவிடுங்கள். தனக்குத் தெரியாமல் தன் பேரில் எடுத்தார்கள் என்று பின்னால் தெரிந்தால் அந்த மனத்தாங்கல் லேசில் போகாது.

பள்ளி விஷயத்துக்கு வருவோம். ஆட்டிசம் என்றால் சிறப்புப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. சாதாரணப் பள்ளிக்குள்ளேயே ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்பு உண்டு, சில தமிழ்ப்பள்ளிகளிலும் இருக்கிறது. மற்ற மாணவர்களோடு அதே வகுப்பில் படிக்கும் உள்ளடக்கக் கல்வி முறையும் உண்டு. சிறப்புத் தேவை உள்ள பிள்ளையைப் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு 2019 முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. தலைமையாசிரியரிடம் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறப்புத் தேவை மாணவராகப் பள்ளியில் பதிவாகியிருந்தால் மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு.

எஸ்பிஎம் எழுதும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம், தனி அறை போன்ற ஏற்பாடுகளைக் கேட்கலாம். நூறு பேர் உட்காரும் மண்டபம், தலைக்கு மேல் கடகடவென்று சுற்றும் மின்விசிறி, நடந்துகொண்டே இருக்கும் கண்காணிப்பாளர். விடை தெரிந்தும் எழுத முடியாமல் போவதற்கு இவை போதும். தேர்வுக்குப் பெயர் பதியும்போதே இந்த விண்ணப்பமும் போக வேண்டும், ஆகவே படிவம் 5 தொடக்கத்திலேயே ஆசிரியரிடம் பேசிவிடுங்கள்.

பள்ளி முடிந்த பிறகுதான் வீடுகளில் திணறல். காலையில் எழுந்து போக ஓர் இடம் இல்லாமல், கைப்பேசியோடு அறைக்குள் கிடக்கும் பிள்ளைகள் நம் தோட்டத்து வீடுகளில் இருக்கிறார்கள். கைத்தொழிலில் நாட்டம் உள்ளவர்களுக்கு ஷா ஆலாம், ஜொகூர் இண்டாபுரா, கெடா மெர்போக் ஆகிய இடங்களில் சிறப்புக் கல்வித் தொழிற்பள்ளிகள் உண்டு. பேராக்காரர்கள் மெர்போக் பற்றி விசாரிக்கலாம். படிவம் 3-லேயே கேட்க வேண்டிய விஷயம் இது. கூடுதல் துணை தேவைப்படுவோருக்குப் பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. 1984-இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம், இன்று நாடு முழுக்க உண்டு.

வேலைக்குப் போகும் பிள்ளைக்குக் குறைந்த சம்பளம் என்றால், மாற்றுத்திறனாளித் தொழிலாளர் உதவித்தொகைக்குச் சமூகநல இலாகாவில் விண்ணப்பிக்கலாம். வேலை செய்யவே முடியாதவர்களுக்கு வேறு உதவித்தொகை. ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான். தொகையும் வருமான வரம்பும் பட்ஜெட்டில் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் நாளில் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். அதே இடத்தில் வேலைப் பயிற்றுநர் ஏற்பாடு பற்றியும் கேளுங்கள். பயிற்றுநர் வேலையிடத்துக்கே வந்து பிள்ளைக்கும் முதலாளிக்கும் பழக்கிக் கொடுப்பார். "சீக்கிரம் முடி" என்பது நம் பிள்ளைக்குப் புரியாது, "பத்து மணிக்குள் இந்த மூன்று பெட்டியையும் அடுக்கு" என்றால் புரியும். இதை முதலாளியிடம் பெற்றோர் சொல்வதைவிட பயிற்றுநர் சொன்னால் எடுபடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசாங்க மருத்துவமனையில் வெளிநோயாளிச் சிகிச்சையும் மூன்றாம் வகுப்பு வார்டும் இலவசம். கேடிஎம் ரயிலில் பாதிக் கட்டணம். கடப்பிதழுக்குக் கட்டணமில்லை. வருமான வரி கட்டும் பெற்றோருக்கு, திருமணமாகாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான வரிக்கழிவு 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 8,000 ரிங்கிட்.

அட்டையால் ஆகாததும் இருக்கிறது. சட்டம் 685 கல்வி, வேலை, போக்குவரத்து உரிமைகளைச் சொல்கிறது. மீறினால் தண்டனை என்று எதுவும் அதில் இல்லை. அரசாங்க வேலையில் நூற்றுக்கு ஒன்று மாற்றுத்திறனாளிகளுக்கு என்ற கொள்கை உண்டு, தனியார் முதலாளியை அது கட்டாயப்படுத்தாது. இது பெரிய குறை, மாற்றப்பட வேண்டிய குறை.

மலேசியக் குடியுரிமை இருந்தால்தான் பதிய முடியும். பிறப்புப் பத்திரச் சிக்கல் உள்ள தோட்டக் குடும்பங்கள் தேசியப் பதிவு இலாகா வேலையை முதலில் முடித்துவிடுங்கள். தோட்டத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்கு மாறியவர்கள் புது முகவரியைச் சமூகநல அலுவலகத்தில் கொடுங்கள். கொடுக்காவிட்டால், அவர்கள் அனுப்பும் கடிதம் பழைய தோட்ட ஆபீஸிலேயே கிடக்கும், பதில் வரவில்லை என்று உதவித்தொகை நின்றுபோகவும் கூடும்.