சைலன்சருக்கு ஏன் தொப்பை?

டர்பன் பக்கத்துப் பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவின் யமஹா டிடி 100 பதினைந்து வருடமாகக் கராஜில் தார்ப்பாய்க்குள் கிடந்ததாம். கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவி, பிளக் மாற்றி, உதைத்து உதைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்பிவிட்டார். சைலன்சரில் மட்டும் துருப்பிடித்து இரண்டு ஓட்டை. "வெல்டிங் பட்டறையில் காட்டினேன். இந்தத் தொப்பை புகையை அடைத்துக்கொண்டிருக்கும், நேர் குழாய் வைத்தால் வண்டி பறக்கும் என்றார்கள். வைத்தேன். சத்தம் வெருலம் வரைக்கும் கேட்கிறது. ஆனால் கரும்புத் தோட்டத்து மேட்டில் அப்பா என்னை ஏற்றிக்கொண்டு போன இடத்தில், நான் ஒருத்தன் போனாலே மூச்சு வாங்குகிறது. ஏன் அங்கிள்?" கூடவே இன்னொரு கேள்வி: டிசம்பரில் வண்டியை ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்கு அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோகிறார், அங்கே வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா?

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இருபது வயதில் நானும் இதே வேலையைச் செய்தவன். பின்னால் வந்தவன் பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்று கத்தினான். டேங்க் ஒழுகுகிறதோ என்று இறங்கிப் பார்த்தேன். டேங்க் ஒழுகவில்லை. என்ஜினே ஒழுகிக்கொண்டிருந்தது.

டூ ஸ்ட்ரோக் என்ஜினைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வால்வு கிடையாது, உள்ளே இழுக்கும் பக்கம் இந்த யமஹாக்களில் ஒரு ரீட் வால்வு (ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மெல்லிய தகடு) இருக்கும், அதை இப்போது விட்டுவிடுவோம். சிலிண்டர் சுவரில் வாசல்கள். பிஸ்டன் ஏறி இறங்கி அவற்றை மூடித் திறக்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது அதன் காலடியில் கிராங்க் அறைக்குள் பெட்ரோலும் காற்றும் வரும். மேலே பொறி, வெடிப்பு. பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் புகை வாசல் திறக்கும். இன்னும் கொஞ்சம் இறங்கினால் கலவை வாசல் திறக்கும். கிராங்க் அறையில் அழுந்திக் கிடந்த புதுக் கலவை மேலே பாய்ந்து மிச்சப் புகையைத் தள்ளிவிடும். பிஸ்டன் திரும்ப மேலே. அப்புறம் மறுபடி பொறி.

எல்லாம் சரி, ஒன்றுதான் உதைக்கிறது. வாசல்களை மூடுவதும் திறப்பதும் ஒரே பிஸ்டனின் ஒரே விளிம்பு. அதனால் முதலில் திறந்த வாசல் கடைசியில்தான் மூடும். பிஸ்டன் மேலே ஏறும்போது கலவை வரும் வழி அடைபட்டுவிட்டது, புகை வாசலோ இன்னும் பப்பரப்பா என்று திறந்திருக்கிறது. அந்தக் கண நேரத்தில் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் எரியாமலே சைலன்சருக்குள் ஓடிவிடும். இந்தக் கதவை மூட வேண்டும். ஆனால் கதவே இல்லை.

இல்லாத கதவைச் சத்தத்தை வைத்து மூடுகிறார்கள். எனக்கு இந்த வண்டிகள் மேல் உள்ள காதலே இந்த ஒரு விஷயத்தால்தான், அதனால் இங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிடுகிறேன்.

பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? தடுப்புக் கட்டிய வரிசை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து யாரோ ஒருவர் அவசரப்பட்டு இடிக்கிறார். அந்த நெருக்கல் ஆளிலிருந்து ஆளுக்குத் தாவி முன்னால் போகிறது. யாரும் ஒரு அடிக்கு மேல் நகரவில்லை, ஆனால் நெருக்கல் மட்டும் வரிசையின் தலை வரை ஓடிவிடுகிறது. குழாய்க்குள் ஓடும் அழுத்த அலையும் இப்படித்தான். புகை வாசல் திறந்ததும் பட்டென்று ஒரு நெருக்கல் கிளம்பும். புகை பின்னால் மெதுவாக வரும், நெருக்கல் முன்னால் ஒலியின் வேகத்தில் ஓடும்.

வரிசை ஒரு திறந்த முற்றத்தில் போய் முடிகிறது என்று வையுங்கள். நெருக்கல் அங்கே வந்ததும் முன்னால் நிற்பவர்கள் விடுதலை கிடைத்த மாதிரி சிதறுவார்கள். அவர்கள் விட்ட இடத்துக்கு அடுத்தவர் தாவுவார், அவர் இடத்துக்கு அதற்கடுத்தவர். இப்போது பின்னோக்கி ஓடி வருவது நெருக்கல் அல்ல, ஒரு காலியிடம். கடைசியில் நிற்கும் பாட்டிக்கு முன்னால் திடீரென்று இடம் கிடைக்கும். இதற்கு நேர்மாறாக, முற்றம் தாண்டி ஒரே ஒரு ஆள் நுழையும் வாசல் இருந்தால்? நெருக்கல் அங்கே போய் முட்டும், நெருக்கலாகவே திரும்பி வரும். பாட்டியின் கையில் இருக்கும் கூழ் சிந்தும்.

இனி உங்கள் பழைய சைலன்சரைக் கையில் எடுத்துப் பாருங்கள். என்ஜினிலிருந்து ஒல்லியாகக் கிளம்பும் குழாய், அது மெல்ல விரிகிற ஒரு கூம்பு, நடுவில் தொப்பை, பிறகு சடாரென்று சுருங்கும் இன்னொரு கூம்பு, வாலில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு சின்னக் குழாய். விரியும் கூம்புதான் முற்றம். நெருக்கல் அதில் நுழைந்ததும் காலியிடம் திரும்பி ஓடி வரும். அது சிலிண்டருக்கு வந்து சேரும்போது கலவை வாசல் திறந்திருக்கும். மிச்சப் புகையை உறிஞ்சி எடுக்கும், கிராங்க் அறையிலிருந்து புதுக் கலவையையும் சேர்த்து இழுக்கும். அந்த இழுப்பில் கொஞ்சம் கலவை புகைக்குழாய்க்குள்ளேயே வந்துவிடும். அதற்குள் நெருக்கலின் மிச்சம் தொப்பையைத் தாண்டி, சுருங்கும் கூம்பில் முட்டி, நெருக்கலாகவே திரும்பிக்கொண்டிருக்கிறது. வெளியே வந்த கலவையை வாரி அது சிலிண்டருக்குள்ளே தள்ளும், பிஸ்டன் உடனே வாசலை அடைத்துவிடும். ஓடிப்போன ஆட்டைப் பட்டியில் தள்ளி அடைக்கிற மாதிரி.

நேரக் கணக்கைப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். என்ஜின் நிமிடத்துக்கு 7,000 சுற்று ஓடுகிறது, ஒரு சுற்றில் 170 பாகைக்குப் புகை வாசல் திறந்திருக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 8.6 மில்லிவினாடி, வாசல் திறந்திருக்கும் நேரம் சுமார் 4 மில்லிவினாடி. நம் வீட்டுக் காற்றில் ஒலி வினாடிக்கு 340 மீட்டர் சொச்சம் போகும், சுடு புகையில் சுமார் 500 மீட்டர். ஆக 4 மில்லிவினாடியில் அலை 2 மீட்டர் ஓடும். போக ஒன்று, வர ஒன்று. என்ஜினிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளிச் சுருங்கும் கூம்பு இருந்தால் அலை வேளைக்கு வந்து சேரும். குழாயை மடக்கி வளைத்து டேங்குக்கு அடியில் ஓட்டியிருப்பது அழகுக்கு அல்ல, அந்த ஒரு மீட்டரை எங்கேயாவது அடக்க வேண்டும்.

வேகம் பாதியானால்? 3,500 சுற்றில் வாசல் 8 மில்லிவினாடி திறந்திருக்கும். அலை 4 மில்லிவினாடியிலேயே வந்து நிற்கும். பிஸ்டன் அடியில் கிடக்கிறது, எல்லா வாசலும் திறந்திருக்கிறது, அலை தப்பான நேரத்தில் வந்து தள்ளி, உள்ளே வரும் கலவையையும் கெடுத்துவிட்டுப் போகும். டூ ஸ்ட்ரோக் வண்டி கீழே மந்தமாக இருந்து, திடீரென்று ஒரு இடத்தில் கழுதை உதைத்த மாதிரி பாய்வதற்குக் காரணம் இதுதான். ஊரில் ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு அந்த இடம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கிளப்பியதும் வண்டி சோம்புவதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு; குழாய் சூடாகாதவரை ஒலி மெதுவாக ஓடும், அலை தாமதமாக வரும்.

தம்பியின் நேர் குழாயில் சுருங்கும் கூம்பு இல்லை. திறந்த முனையிலிருந்து உறிஞ்சும் அலை மட்டும் வரும், ஓடிப்போன கலவையைத் திருப்பித் தள்ள ஆள் இல்லை. அதுதான் கதை. "புகை தாராளமாகப் போனால் பவர்" என்பது ஃபோர் ஸ்ட்ரோக்கிலேயே அரை உண்மை, டூ ஸ்ட்ரோக்கில் சுத்த மூடநம்பிக்கை.

இந்த அலைகளைப் பிடித்துக் கட்டி வேலை வாங்கியவர் வால்டர் காடன். கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனியின் பந்தய வண்டிகளைப் பார்த்துக்கொண்டவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பீனமுண்டே என்ற ஜெர்மன் ராக்கெட் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். கையில் சொற்பப் பணம், அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் ஒன்று, பொறுமை. 1961இல் அவருடைய 125 சிசி என்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது, அதாவது லிட்டருக்கு 200. அதே வருடம் செப்டம்பரில், பெர்லின் சுவர் எழுந்து ஒரு மாதத்தில், அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்திலிருந்து அப்படியே மேற்குக்குத் தப்பிப் போனார். பிறகு சுசுகிக்குப் போனார், ரகசியமும் கூடவே போனது. 1962இல் 50 சிசிக்கு முதன்முதலாக உலகப் பட்டம் வைத்தார்கள். வென்றவர் டெக்னர், வண்டி சுசுகி. உங்கள் அப்பாவின் வண்டியில் தொங்கிய தொப்பை இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

இங்கே ஒரு முணுமுணுப்பு. நம் தென்னாப்பிரிக்கா அலைகளுக்குப் பணம் செலவழிக்காத நாடு அல்ல. கரூ வறண்ட வெளியில் 64 தட்டுகளோடு மீர்காட் ரேடியோ தொலைநோக்கி 2018இலிருந்து வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, எனக்கு அதில் பெருமைதான். ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை கையால் தொட்டு ஒரு அலையைத் திரையில் பார்க்க எத்தனை பள்ளியில் ஆசிலாஸ்கோப் இருக்கிறது? நம் சங்கங்களும் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் அள்ளிக் கொடுப்பதில் ஒரு பிடியை இதற்குக் கொடுக்கலாம். சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், சொல்லியாயிற்று.

சரி, தம்பி, பழைய சைலன்சரைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? அதை எடுங்கள். ஓட்டைகளுக்கு ஈரத்துணி திணித்து, வாலை அடைத்து, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றி ஒரு இரவு வையுங்கள். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். அலுமினியச் சிலிண்டர் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது, அரித்துவிடும். காலையில் கவிழ்த்தால் நாற்பது வருட எண்ணெய்ப் பிசுக்கு, ஆறிப்போன புளிக்குழம்பு மாதிரி, கருப்பாகக் குழைந்து விழும். என்னுடையதில் அதோடு ஒரு குளவிக் கூடும் வந்தது. நன்றாக அலசி, சூடாக்கிக் காயவைத்து, உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குலுக்குங்கள், இல்லாவிட்டால் மறுநாளே துரு.

ஓட்டைக்கு அதே தடிமனில் தகடு வெட்டி, வளைவு மாறாமல் ஒட்டவைக்கச் சொல்லுங்கள். முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பாருங்கள். நெளிசல்களையும் எடுக்க வேண்டும், அவை அலையைக் கலைக்கும். அதற்கு ஒரு அழகான வழி உண்டு: இரண்டு முனையையும் அடைத்து, உள்ளே லேசாகக் காற்றழுத்தம் கொடுத்து, நெளிந்த இடத்தைக் கேஸ் சுடரால் மங்கிய சிவப்பாகும் வரை சுடுவார்கள். தகடு இளகியதும் நெளிசல் தானாக, பூரி உப்புகிற மாதிரி, எழுந்து வரும். தெரிந்த கை செய்ய வேண்டிய வேலை இது. நீங்கள் தள்ளி நின்று பாருங்கள், போதும்.

லெனேசியா விஷயம். குழாயை மாற்ற வேண்டாம். ஜோகன்னஸ்பர்க் பக்கம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர். காற்றின் அடர்த்தி டர்பனைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆனால் ஒலியின் வேகம் அடர்த்தியால் மாறாது, சூட்டால்தான் மாறும். வரிசையில் ஆள் குறைந்தால் தள்ளும் பலமும் குறையும், தள்ள வேண்டிய பாரமும் குறையும், நெருக்கல் அதே நேரத்தில்தான் போய்ச் சேரும். மாற்ற வேண்டியது கார்புரேட்டரின் மெயின் ஜெட், அதாவது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னத் திருகு. அங்கே காற்று குறைவு, பெட்ரோல் அதே அளவு வந்தால் கலவை கொழுத்துப்போய் வண்டி திக்கும். ஒரு சுற்றுச் சின்ன ஜெட் போட வேண்டும்.

அது வெறும் திக்கல்தான், ஆபத்து திரும்பி வரும்போது. நான் முதல் வண்டியை லெனேசியாவில் வாங்கிப் பக்கியில் ஏற்றிக்கொண்டு வந்தேன் (ஊர்க்காரர்களுக்கு: இங்கே பிக்கப் லாரிக்குப் பக்கி என்று பெயர், கஞ்சத்தனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). மூன்றாம் நாள் டர்பன் சாட்ஸ்வொர்த்தில், ஒரு வேப்பமரத்து வளைவு தாண்டிய மேட்டில், என்ஜின் இறுகிச் சக்கரம் பூட்டிக்கொண்டது. சரிசெய்து ஓட்டினேன், மறுபடி அதே மேடு, அதே பூட்டு. அத்தை மரத்தைக் குற்றம் சொன்னார், எலுமிச்சம்பழம் வந்தது, கற்பூரம் வந்தது. மரம் பாவம். அந்த வழியில் கைப்பிடியை முழுக்க முறுக்கும் ஒரே இடம் அந்த மேடு. மலை ஊர் ஜெட், கடலோரக் காற்று. பெட்ரோல் போதாமல் கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக வீங்கிப் பிடித்துக்கொண்டது. கழட்டிப் பார்த்தபோது பிளக் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

பாட்டியின் பழைய மாத்திரை டப்பா ஒன்றில் இப்போது இரண்டு ஜெட் வைத்திருக்கிறேன், ஒன்றில் லெ, ஒன்றில் ட என்று கீறி. ஜனவரியில் டர்பனுக்குத் திரும்பியதும், வண்டியைப் பக்கியிலிருந்து இறக்குவதற்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள். பிறகு ஒரு மேடு ஏறி, உச்சியில் என்ஜினை அணைத்துப் பிளக்கைக் கழட்டிப் பாருங்கள். பால் குறைந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தொடர்ந்து போகலாம்.