ஃபோன் (தொலைபேசி அல்ல): தமிழில் ‘ஆவணத் திரள்’

கனடாவில், பர்னபி ஊரில் உள்ள சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழக நூலகத்தில், பிபி நிக்கோல் என்ற கவிஞரின் பெயரில், ‘பிபி நிக்கோல் ஃபோன்’ (fonds) இருக்கிறது. பிரெஞ்சுச் சொல், வால் எழுத்துகளை உச்சரிக்க மாட்டார்கள், காதில் விழுவது கிட்டத்தட்ட ‘ஃபோன்’தான், அதையும் கொஞ்சம் மூக்கால் சொல்ல வேண்டும். ஒரு ஆளோ குடும்பமோ நிறுவனமோ தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த போக்கில் அதனிடம் தானாகச் சேர்ந்துபோன கடிதம், கையெழுத்துப் படி, குறிப்பேடு, ஒலிநாடா, படம் எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கு இந்தப் பெயர். ‘தானாக’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வேர் லத்தீன். ‘ஃபுந்துஸ்’ என்றால் அடித்தளம், அப்புறம் நிலபுலம். அது பிரெஞ்சுக்குப் போய் முதல், கையிருப்பு என்றெல்லாம் பொருள் விரிந்தது. ஆங்கிலத்தில் ‘ஃபண்ட்’ ஆனதும் இதே சொல்தான். காப்பகத்துறைக்குள் இது உறுதியாக நுழைந்தது 1841 ஏப்ரலில், பிரெஞ்சு உள்துறை அமைச்சகம் அனுப்பிய ஒரு சுற்றறிக்கையில். அதன் பின்னால் இருந்தவர் நத்தாலிஸ் த வாயி என்ற பிரெஞ்சுக் காப்பகவியலாளர். புரட்சிக்குப் பிறகு அரசு கைக்கு வந்து குவிந்த பழைய ஆவணங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கப் போய், எந்தக் காகிதம் எந்த மடத்திலிருந்து வந்தது, எந்த அலுவலகத்திலிருந்து வந்தது என்றே தெரியாமல் போகும் நிலை. அதனால் அவர் சொன்னது: ஓர் இடத்திலிருந்து வந்தவை ஒன்றாகவே இருக்கட்டும், இன்னொன்றோடு கலக்காதீர்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தனிமனிதர் என்றால் ‘பேப்பர்ஸ்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், கனடாதான் இருமொழி நாடு என்பதாலோ என்னவோ பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலத்திலும் அப்படியே வைத்துக்கொண்டது.

இந்தக் கலக்காமை ஏன் பெரிய விஷயம் என்று புரிய கான்கிரீட் கவிஞர்களை விட நல்ல உதாரணம் கிடையாது. 1950களில் சுவிட்சர்லாந்தில் ஒய்கன் கோம்ரிங்கர், பிரேசிலில் நொய்காந்த்ரெஸ் குழு என்று தொடங்கிய இந்தக் கவிதையில், எழுத்து தாளில் எங்கே நிற்கிறது, எவ்வளவு இடைவெளி, என்ன மை என்பதெல்லாம் கவிதையின் உடம்பு. (நம் சித்திரகவியோடு இதைக் குழப்ப வேண்டாம். பாம்பு வடிவ நாகபந்தத்தையும் தேர் வடிவ ரதபந்தத்தையும் கட்டத்திலிருந்து வெளியே எடுத்தாலும் யாப்போடு கூடிய செய்யுள் மிஞ்சும், கான்கிரீட் கவிதையைப் பெயர்த்து எழுதினால் பல நேரம் ஒன்றுமே மிஞ்சாது.) டாம் சில்வெஸ்டர் ஹூதார் என்று ஒரு பெனடிக்டின் துறவி, இங்கிலாந்தில் பிரிங்க்னாஷ் மடத்தில் இருந்தவர், ஒலிவெட்டி தட்டச்சுப்பொறியிலேயே படம் போலக் கவிதை செய்தார். அவருடைய காகிதங்கள் மான்செஸ்டரின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கின்றன. இப்படிப்பட்டவர் எழுதும் கடிதத்தில் எது கடிதம், எது கவிதை? ‘கவிதைகள்’ என்று ஒரு பெட்டி, ‘கடிதங்கள்’ என்று ஒரு பெட்டி போட்டுப் பிரித்தால் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதைதான்.

நிக்கோல் இன்னும் ஒரு படி மேலே போனார். 1944இல் வான்கூவரில் பிறந்து 1988இலேயே இறந்துபோனவர், 1984இல் ஆப்பிள் கணினியில் பேசிக் மொழியில் நிரல் எழுதித் திரையில் சொற்கள் நகரும் கவிதைகளை ஃபிளாப்பி வட்டில் வெளியிட்டார். காகிதம் மட்டும்தான் ஆவணம் என்று நினைத்தால் அவரில் பாதியை விட்டுவிடுவோம்.

கடிதங்களில் ஒரு வேடிக்கை உண்டு. ஒருவரின் ஃபோனில் பெரும்பாலும் இருப்பது அவருக்கு வந்த கடிதங்கள், அவர் எழுதியவை பெற்றவர்களின் ஃபோன்களில் போய் உட்கார்ந்திருக்கும், கார்பன் படி வைத்திருந்தால் தப்பித்தோம். இன்னொரு கான்கிரீட் கவிஞர் இயன் ஹாமில்டன் ஃபின்லே, ஸ்காட்லாந்தில் தன் தோட்டத்தை விட்டு அதிகம் நகராமல் கடிதத்திலேயே உலகத்தோடு பேசியவர், அவருடைய காகிதங்களோ இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில் ஒரு பங்கு, லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி ஆய்வு நிறுவனத்தில் ஒரு பங்கு என்று பிரிந்து கிடக்கின்றன. இரண்டு இடங்களிலும் தேடாமல் அவரைப் பற்றி எழுதுவது கஷ்டம்.

இதற்கு நேரெதிர், சாக்னர் தம்பதியர் மயாமியில் ஆசை ஆசையாக வாங்கிச் சேர்த்த காட்சிக் கவிதைக் குவியல், இப்போது அயோவா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அது ஃபோன் இல்லை. சேகரித்தவர் தேர்ந்தெடுத்துச் சேர்த்தது, ஆங்கிலத்தில் ‘கலெக்ஷன்’.

சரி, தமிழில் என்ன சொல்வது? தொகுப்பு, சேகரிப்பு, திரட்டு என்று கைக்கு வருகிற எல்லாச் சொல்லும் பிறவினையிலிருந்து வந்தவை, யாரோ ஒருவர் வேண்டுமென்றே செய்த வேலை. ஆனால் நம்மிடம் ‘திரள்’ இருக்கிறதே! திரட்டுவது பிறவினை, திரள்வது தன்வினை. பால் ஆடை திரளும், கூட்டம் திரளும், கடிதங்களும் அப்படித்தான் திரள்கின்றன. ஆகவே ஃபோன் என்பது ஆவணத் திரள், கலெக்ஷன் என்பது ஆவணத் திரட்டு. ஒரே வேரில் இரண்டு வேறுபட்ட கலைச்சொற்கள் இவ்வளவு சுத்தமாகக் கிடைப்பது அபூர்வம். ‘கான்கிரீட்’டின் லத்தீன் வேருக்கும் ‘சேர்ந்து வளர்ந்து இறுகியது’ என்றுதான் பொருள், அதற்காகத் திரள்கவிதை என்று பெயர் வைக்கச் சொல்ல மாட்டேன், குழப்பம்தான் மிஞ்சும்.

‘ஆவணம்’ நமக்குப் பழைய சொல். கடைத்தெரு என்ற பொருளும் அதற்கு உண்டு. பெரியபுராணத்தில் சுந்தரரை அடிமை என்று வழக்காடும் முதியவர் மூல ஓலையை நீட்டியதும், அவையோர் என்ன செய்கிறார்கள்? ‘அரண்தரு காப்பில்’ இருந்து, ஓலையை எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் சுந்தரரின் பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். காப்பகத்தின் வேலை இதைவிட என்ன? காப்பு என்ற சொல் அங்கேயே தயாராக நிற்கிறது, ‘ஆவணக் காப்பகம்’ என்று நாம் இன்று சொல்வது அதற்குப் பக்கத்து வீடு.

எழுதும்போது ‘பிபி நிக்கோல் ஆவணத் திரள்’, ‘சாக்னர் ஆவணத் திரட்டு’ என்று எழுதலாம். திரளுக்குள் வரிசை, வரிசைக்குள் கோப்பு, கோப்புக்குள் உருப்படி. ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்ற அந்த 1841 விதிக்கு ‘திரள் கலையாமை’ என்று சொல்லிவிடலாம். ‘ஃபோன்’ என்று மட்டும் யாரும் தமிழில் எழுதிவிட வேண்டாம், சார்ஜர் எங்கே என்று கேட்பார்கள்.