துப்பாக்கிக் கட்டுப்பாடு: ஒரு சொல்லும் அதற்குள் நடக்கும் சண்டையும்

அமெரிக்காவில் எங்காவது ஒரு பள்ளிக்கூடத்திலோ கடைத்தெருவிலோ துப்பாக்கிச் சூடு நடந்தால், மறுநாளே நம் செய்திகளில் 'கன் கண்ட்ரோல்' என்ற பேச்சு வந்துவிடும். சிலர் அதைத் 'துப்பாக்கிக் கட்டுப்பாடு' என்று எழுதுகிறார்கள். சிலர் 'துப்பாக்கித் தடை' என்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லை: கட்டுப்பாடு என்றால் யார் வாங்கலாம், எப்படி வாங்கலாம் என்று வரம்பு போடுவது, தடை என்றால் அடியோடு கூடாது என்பது. அந்த வித்தியாசம் தெரியாமல் "துப்பாக்கியைத் தடை செய்தால் குற்றம் குறையுமா குறையாதா" என்று கமெண்டில் அடித்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து ஆற்றாமைதான் மிஞ்சுகிறது. அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் 'துப்பாக்கி'. இது தமிழ் வேரில் பிறந்த சொல் இல்லை. துருக்கி மொழியில் துஃபெக், பாரசீகத்தில் துஃபங், அந்த வழியில் தெற்கே வந்து தெலுங்கிலும் கன்னடத்திலும் துபாகி ஆனது, நம்மிடம் துப்பாக்கி ஆனது. "இல்லையே, வள்ளுவரே துப்பாக்கி என்று எழுதியிருக்கிறாரே" என்று ஒருவர் கட்டாயம் வருவார். 12ஆவது குறளில் 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்று வருவது உண்மைதான், ஆனால் அங்கே துப்பு என்றால் உணவு, துப்பு ஆக்கி என்றால் உணவை உண்டாக்கி. மழையைப் பற்றிய குறள் அது. வெடிமருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, எழுத்துகள் சேர்ந்து நின்றதில் வந்த ஒற்றுமை மட்டும்தான். ஈழத்தில் 'துவக்கு' என்பார்கள், மலையாளத்தில் 'தோக்கு'. தனித்தமிழ் விரும்புவோர் 'சுடுகலன்' என்று எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் துப்பாக்கி என்ற சொல் தமிழுக்குள் வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன, நாட்டுத் துப்பாக்கி, கைத்துப்பாக்கி, இரட்டைக் குழல் துப்பாக்கி என்று குடும்பமே உருவாகிவிட்டது. அதை வெளியேற்ற எனக்கு மனமில்லை, தேவையும் தெரியவில்லை.

ஆங்கிலத்து 'கன்' எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவாரசியம். 1330-31 வாக்கில் இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் எடுத்த ஆயுதக் கணக்கு ஒன்றில், பெரிய எறிபொறி ஒன்றுக்கு 'குனில்டா சீமாட்டி' என்று பெயர் எழுதியிருக்கிறது. வடக்கு ஐரோப்பாவின் பழைய பெண் பெயர் அது, குன், ஹில்ட் என்ற அதன் இரண்டு பாதிக்குமே போர் என்றுதான் பொருள். அந்தப் பெயர் சுருங்கித்தான் 'கன்' ஆனது என்பது சொற்பிறப்பு ஆய்வாளர்கள் பலரும் ஏற்றுக்கொண்ட விளக்கம்.

'கண்ட்ரோல்' என்பதற்குள் அதைவிட நமக்கு வேண்டிய சங்கதி இருக்கிறது. இடைக்கால லத்தீனில் 'கான்ட்ரா ரோட்டுலஸ்' என்றால் எதிர்ச்சுருள். அதாவது ஒருவர் எழுதிய கணக்கு சரியா என்று ஒத்துப்பார்க்க இன்னொருவர் கையில் வைத்திருந்த இரண்டாவது ஏடு. பிறகு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சரிபார்த்தல், அடக்கி வைத்தல், ஆட்டி வைத்தல் என்று பொருள் விரிந்தது. யார் வாங்கினார், யார் விற்றார், அவர் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது என்பதுதான் இன்றைக்கும் இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவற்றின் அடிப்படை. பறிமுதல், தடை எல்லாம் அந்தக் குடையின் ஒரு ஓரம்தான்.

சட்டத்தின் பெயராகவே இந்தச் சொல் அமெரிக்காவில் உட்கார்ந்தது 1968இல். மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி இருவரும் அந்த ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் அதிபர் லிண்டன் ஜான்சன் 'கன் கண்ட்ரோல் ஆக்ட்' சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். தபாலில் துப்பாக்கி வாங்குவதை அது நிறுத்தியது, கடை வைத்து விற்பவர்களுக்கான உரிம விதிகளை இறுக்கியது, கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள் வாங்கக் கூடாது என்றது. சட்டம் இதற்கு முன்னாலும் உண்டு, நியூயார்க் மாநிலத்தில் 1911லேயே கைத்துப்பாக்கிக்கு உரிமம் வந்துவிட்டது. ஆனால் சொல் அரசியலுக்குள் வந்து இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது 68க்குப் பிறகுதான். ஒரு பக்கம் 'கன் கண்ட்ரோல்', எதிர்ப்பக்கம் 'கன் ரைட்ஸ்', அதாவது துப்பாக்கி உரிமை. இந்த இரண்டாம் பக்கத்தார் கையில் இருப்பது 1791இல் வந்த இரண்டாவது அரசியல் சட்டத் திருத்தம். அந்தத் திருத்தம் தொடங்குவதே 'நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட மக்கள் படை' என்றுதான். தனி மனிதர் வீட்டில் தற்காப்புக்கு வைத்திருக்கும் உரிமையும் அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2008இல், ஹெல்லர் வழக்கில். அதே தீர்ப்பில் எல்லாக் கட்டுப்பாடும் செல்லாது என்று சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், நம் ஆட்கள் அதை விட்டுவிடுகிறார்கள்.

சரி, இப்போது என்னை மிகவும் வருத்தும் இடத்துக்கு வருகிறேன். 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கான நிதி மசோதாவில் ஒரு வரி சேர்த்தது. ஜே டிக்கி என்ற உறுப்பினர் கொண்டுவந்தது. அந்த மையத்தின் பணத்தை 'கன் கண்ட்ரோலை' ஆதரிக்கவோ வளர்க்கவோ செலவிடக் கூடாது என்பதுதான் அந்த வரி. ஆராய்ச்சியே கூடாது என்று அது சொல்லவில்லை. ஆனால் கூடவே, அந்த மையம் துப்பாக்கிக் காய ஆராய்ச்சிக்குச் செலவழித்து வந்த 26 லட்சம் டாலரையும் வெட்டினார்கள். எது ஆராய்ச்சி, எது 'கன் கண்ட்ரோலை வளர்ப்பது' என்று யாருக்கும் தெரியாததால் அதிகாரிகள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இருபது ஆண்டுக்கு மேல் அப்படியே ஓடியது. 2019 டிசம்பரில்தான் மறுபடி இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்கினார்கள். வரியைக் கொண்டுவந்த டிக்கியே பின்னாளில் அது தவறாகப் போய்விட்டது, ஆராய்ச்சி தேவை என்று வெளிப்படையாகச் சொன்னார். பொருள் வரையறுக்காத ஒரே ஒரு சொல், ஒரு தலைமுறை ஆய்வாளர்களை வாயடைத்துவிட்டது. "குற்றம் குறைந்ததா, ஆதாரம் காட்டு" என்று கேட்பவர்கள் ஆதாரம் ஏன் இவ்வளவு மெலிந்து கிடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியும் கொஞ்சம் தெரியத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

கடையில் நடப்பதைப் பாருங்கள். அமெரிக்காவில் உரிமம் உள்ள கடையில் துப்பாக்கி வாங்கப் போனால் 4473 என்ற படிவம் ஒன்றை நீட்டுவார்கள். தண்டனை பெற்றவரா, போதைக்கு அடிமையா, குடும்ப வன்முறைக்காக நீதிமன்ற உத்தரவு உண்டா என்று கேள்விகள். நிரப்பிக் கொடுத்ததும் கடைக்காரர் எஃப்.பி.ஐ. வைத்திருக்கும் பதிவேட்டில் விசாரிப்பார். பெரும்பாலும் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும். மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால், மத்தியச் சட்டப்படி கடைக்காரர் விற்றுவிடலாம். 2015இல் சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயத்துக்குள் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவனுக்குத் துப்பாக்கி கிடைத்தது இந்த இடைவெளியில்தான். அவன் மேல் இருந்த போதைப்பொருள் வழக்கு விவரம் நேரத்துக்குக் கைக்கு வரவில்லை, நாள் கடந்தது, விற்றார்கள். அதோடு, கடைக்காரர் அல்லாத தனிநபர் இன்னொருவருக்கு விற்றால் மத்தியச் சட்டத்தில் இந்தச் சோதனையே கிடையாது. இப்படி ஓட்டை வைத்த சோதனையை வைத்துக்கொண்டு "சோதனையால் குற்றம் குறையவில்லை" என்று முடிவுகட்டினால் எப்படி?

ஓட்டையை அடைத்த மாநிலங்களும் உண்டு. கனெக்டிகட் 1995இல் கைத்துப்பாக்கி வாங்கும் முன் காவல்துறையிடம் அனுமதி பெற வேண்டும், பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. மிசௌரி நேர்மாறாக, பல காலம் வைத்திருந்த அதே மாதிரி அனுமதி முறையை 2007இல் கைவிட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டையும் ஆராய்ந்தார்கள். கனெக்டிகட்டில் முதல் பத்தாண்டில் துப்பாக்கிக் கொலைகள், சட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 40 சதவீதம் வரை குறைவு என்று கணக்கிட்டார்கள், பிறகு செய்த கணக்குகளில் இந்த எண் குறைந்தது, ஆனால் திசை மாறவில்லை. மிசௌரியில் கொலைகள் கூடின. என் கண்ணுக்கு இந்த விவாதம் முழுவதிலும் வலுவான சான்றுகளில் ஒன்று இதுதான்.

எதிர்த்தரப்பின் பெரிய வாதம் 1997இல் வந்தது. நல்லவர்கள் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதித்தால் குற்றவாளி பயப்படுவான், குற்றம் குறையும் என்று ஜான் லாட், டேவிட் மஸ்டர்ட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த வாதத்தின் மேல் ஏறி நின்றுதான் பல மாநிலங்கள் சட்டத்தைத் தளர்த்தின. 2004இல் அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு எல்லாத் தரவையும் பார்த்துவிட்டு, கூடியது என்றும் சொல்ல முடியாது, குறைந்தது என்றும் சொல்ல முடியாது என்றது. அப்புறம் 2019இல் ஜான் டோனஹியூவும் அவருடைய குழுவினரும் இன்னும் நீண்ட காலத் தரவை எடுத்து, மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிக்கும் சட்டம் வந்த மாநிலங்களில் பத்தாண்டு கழித்து வன்முறைக் குற்றம் 13 முதல் 15 சதவீதம் அதிகமாக இருப்பதாகக் காட்டினார்கள். லாட் இன்னும் மறுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் சான்றின் எடை இப்போது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆஸ்திரேலியாவை எல்லோரும் இழுப்பார்கள், இழுக்கத்தான் வேண்டும். 1996 ஏப்ரல் 28, டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைக் கொன்றான். பிரதமர் ஜான் ஹோவர்ட் வலதுசாரி, கிராமத்து வாக்குகளை நம்பி இருந்தவர். 12 நாளில் எல்லா மாநிலங்களையும் உடன்பட வைத்தார். அரைத்தானியங்கி (விசையை அழுத்தும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு குண்டு பாயும்) நீள்துப்பாக்கிகள் சாதாரண மக்களுக்கு இல்லை, தற்காப்பு என்பது வாங்கக் காரணம் ஆகாது, பதிவு கட்டாயம், 28 நாள் காத்திருப்பு. அரசே விலை கொடுத்து ஆறரை லட்சம் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கியது. அதற்கு முந்தைய 18 ஆண்டுகளில் ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவங்கள் 13. அடுத்த பத்தாண்டில் ஒன்றுகூட இல்லை. இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டியது, துப்பாக்கிச் சாவுகள் 96க்கு முன்பிருந்தே இறங்கிக்கொண்டுதான் இருந்தன, சட்டத்துக்குப் பிறகு வேகமாக இறங்கின. சாதாரணக் கொலைகள் குறைந்ததில் சட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பிரிட்டன் டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு 1997இல் கைத்துப்பாக்கியையே தடை செய்தது, ஆனாலும் அடுத்த சில ஆண்டுகள் துப்பாக்கிக் குற்றங்கள் கூடி, பிறகுதான் இறங்கின. தடை போட்ட மறுநாளே குற்றம் விழும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

"சிகாகோவில் கடுமையான சட்டம், ஆனால் எவ்வளவு கொலை" என்பது அடுத்த வழக்கமான கேள்வி. சிகாகோ நகரம் 2017இல் வெளியிட்ட கணக்குப்படி, குற்றத்தில் பிடிபட்டு மூலம் கண்டுபிடிக்கப்பட்ட துப்பாக்கிகளில் பத்துக்கு ஆறு இல்லினாய் மாநிலத்துக்கு வெளியிலிருந்து வந்தவை. பக்கத்து மாநிலம் இந்தியானாவில் இருந்து மட்டும் ஐந்தில் ஒன்று. எல்லை தாண்ட ஒரு மணி நேரக் கார்ப் பயணம் கூடத் தேவையில்லை.

குற்றம் என்றே பேசிக்கொண்டிருப்பதில் ஒன்று மறைந்துபோகிறது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சொல்லும் சட்டங்களால் இளையவர்களின் தற்கொலையும் தற்செயலான சாவும் குறைகின்றன என்பதற்கு ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பாய்வு நல்ல சான்று இருப்பதாகச் சொல்கிறது. இதுவும் 'கன் கண்ட்ரோல்'தான். இதைக் குற்றப் புள்ளிவிவரத்தில் தேடினால் கிடைக்காது.

ஆக, தமிழில் என்ன எழுதுவது? பொதுப்பெயராகத் 'துப்பாக்கிக் கட்டுப்பாடு' போதும், நடுவில் க் ஒற்று கட்டாயம் வேண்டும். கட்டுப்படு என்ற வினையில் பிறந்த சொல் கட்டுப்பாடு, விலைக் கட்டுப்பாடு, வாடகைக் கட்டுப்பாடு என்று அரசு போடும் வரம்புகளுக்கு ஏற்கனவே பழகிய சொல். விலைக் கட்டுப்பாடு என்றால் விலையே கூடாது என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. 'துப்பாக்கித் தடை' என்பதைப் பிரிட்டன் கைத்துப்பாக்கிக்குச் செய்தது போன்ற இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஆதரவாளர்களே இப்போது 'கன் சேஃப்டி' என்று மாற்றிச் சொல்கிறார்கள். 'ஹேண்ட்கன் கண்ட்ரோல்' என்ற பெயரில் இருந்த அமைப்பு 2001இல் பெயரை மாற்றிக்கொண்டு, 1981இல் அதிபர் ரீகன் மேல் நடந்த தாக்குதலில் காயம்பட்ட, அவருடைய செய்திச் செயலாளர் ஜேம்ஸ் பிராடியின் பெயரை எடுத்துக்கொண்டது. 'கன் சேஃப்டி' என்பதைத் 'துப்பாக்கிப் பாதுகாப்பு' என்று பெயர்க்காதீர்கள், துப்பாக்கிக்குக் காவல் போட்ட மாதிரி ஆகிவிடும். 'துப்பாக்கி ஆபத்துத் தடுப்பு' என்றால் விஷயம் புரியும்.

நம் நாட்டுச் சட்டத்துக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் என்றும் படைக்கலச் சட்டம் என்றும் இரண்டு வழக்கு உண்டு, இரண்டும் சரி. அதன்கீழ் பெறுவது 'துப்பாக்கி உரிமம்', பேச்சில் லைசென்ஸ். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்குமேல் வைத்திருக்க முடியாது. 'பேக்கிரவுண்ட் செக்' வரும் இடத்தில் 'பின்னணிச் சரிபார்ப்பு' என்று மொட்டையாக எழுதுவதைவிடக் 'குற்றப் பின்னணி விசாரணை' தெளிவு. 'செமி ஆட்டோமேட்டிக்' என்றால் அரைத்தானியங்கி, ஒரு முறை விசையை அழுத்தினால் ஒரே ஒரு குண்டு. அதைத் 'தானியங்கித் துப்பாக்கி' என்று எழுதினால் இயந்திரத் துப்பாக்கி என்று ஆகிவிடும், அது அமெரிக்காவில் 1934லிருந்தே தனிச் சட்டத்தில் இருக்கிறது. வரிசை எண் இல்லாமல் வீட்டிலேயே பாகங்களைப் பூட்டிச் செய்வதை 'கோஸ்ட் கன்' என்கிறார்கள், அதைப் 'பேய்த் துப்பாக்கி' என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். நம்மிடம் 'கள்ளத் துப்பாக்கி' என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது திருட்டு, கடத்தல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும், அதனால் 'எண்ணில்லாத் துப்பாக்கி' என்றே எழுதலாம் என்பது என் பரிந்துரை.