கிணறு ஏறினால் நாயை அவிழ்த்துவிடுங்கள்

புரட்டாதியில் நீளக் கயிறு கேட்ட கிணறு, கார்த்திகை நடுவில் குனிந்து வாளியால் அள்ளும் உயரத்துக்கு வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. வீட்டில் ஒரு நாயும் நாலு ஆடும் பத்துக் கோழியும் இருந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரிக்கு மட்டும் உயிர் பெறுகிற ஓடைதான். நமது வெள்ளம் பெரும்பாலும் காலடியில் தொடங்குகிறது. அது எப்படி ஏறுகிறது என்பது விளங்கினால், நாயை எங்கே கட்டுவது, கூட்டை எங்கே வைப்பது என்ற கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிக் கீழிறங்கும். அந்த அமிலம் இலட்சக்கணக்கான வருடங்களாகச் சுண்ணக்கல்லை அரித்து வெடிப்புகளையும் பொந்துகளையும் உண்டாக்கியிருக்கிறது. நிலாவரைக் கிணறு அப்படி உண்டான பெரும் பொந்து ஒன்றின் வாய். அதில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். குடாநாட்டின் அடியெங்கும் கதை இதுதான்: பாரம் கூடிய கடல்நீரின் மேல் மழைநீர் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர்களின் பழைய கணக்கு. பொந்தும் வெடிப்பும் நிறைந்த நம்முடைய பாறையில் அது அச்சொட்டாகப் பொருந்தாது. ஆனாலும் நிலைமையை விளக்கப் போதும். நிலம் தட்டை, கடல் பக்கத்தில், நிலத்தடி நீரின் சரிவோ மிகச் சிறிது. ஆகவே ஏறிய நீர் கடலுக்கு வடிய நாளெடுக்கும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. பாறையின் நூறு பங்கில் பதினைந்து பங்கு மட்டுமே வெற்றிடம் என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிமீற்றர் மழை முழுவதும் உள்ளே இறங்கினால், அந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டு நிலத்தடி நீர்மட்டம் ஏறத்தாழ 670 மில்லிமீற்றர், அதாவது இரண்டு அடிக்கு மேல் உயரும். நாலு விரல் மழைக்குக் கிணறு இரண்டு அடி ஏறுவதன் மர்மம் இவ்வளவுதான். ஐப்பசி மழை முழுவதும் இப்படிக் கீழே போய்ச் சேர்ந்துவிடுகிறது. கார்த்திகையில் வரும் பெருமழைக்குக் கீழே இடமில்லை. அப்போது ஒரு பரப்புக் காணியில், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீற்றரில், 100 மில்லிமீற்றர் பெய்தால் இருபத்தையாயிரம் லீற்றருக்கு மேல் தண்ணீர், போக வழி தேடி நிற்கும்.

முன்பு அதற்கு வழி இருந்தது. கதியால் நட்டுக் கிடுகு கட்டிய வேலிக்கு அடியால் தண்ணீர் வளவு மாறி வளவு போய், ஒழுங்கையில் இறங்கி, குளத்தையோ தரவை எனப்படும் வெட்டவெளியையோ சேரும். இன்று வேலி இருந்த இடத்தில் மதில் நிற்கிறது. ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டாயிற்று. மதில் கட்டும்போது அடியில் நாலு குழாய்த் துண்டு வைக்கச் சொன்னால், பக்கத்து வளவுத் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்கிறார்கள். வரத்தான் வரும். வந்து வெளியே போகவும் செய்யும்.

செல்லப்பிராணிகளுக்கு இதில் என்ன? நீர்மட்டம் தரையைத் தொடும் நாளில், கோடை முழுவதும் தனித்தனியாக இருந்தவை ஒன்றாகிவிடுகின்றன. மலசலகூடக் குழி நீருக்குள் மூழ்கும். மணல் நிலமாக இருந்தால் கழிவுநீர் கொஞ்சமாவது வடிகட்டப்படும். சுண்ணக்கல் வெடிப்போ அதை அப்படியே கிணற்றுக்குக் கடத்திவிடும். வேலியோரத்து எலிவளையும் நிரம்பும். குழி, வளை, கிணறு, முற்றம் எல்லாம் ஒரே தண்ணீர். அந்தத் தண்ணீரில் முதலில் கால் வைப்பதும் வாய் வைப்பதும் வீட்டு நாய்தான்.

அதில் மிதக்கும் ஆபத்துகளில் எனக்கு அதிகம் பயம் தருவது எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற பற்றீரியா அதை உண்டாக்குகிறது. மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிப்பு, திருகாணி போன்ற உடல், முனையில் ஒரு கொக்கி. 1907-இல் இதை நுணுக்குக்காட்டியில் முதலில் கண்ட ஸ்டிம்சன் என்ற அமெரிக்க மருத்துவர், கேள்விக்குறிபோல் வளைந்திருக்கிறதே என்று அதற்கேற்ற இலத்தீன் பெயரை வைத்தார். எலியின் சிறுநீரகக் குழாய்களுக்குள் இது குடியிருக்கும். எலிக்கு நோய் இல்லை. சாகும்வரை சிறுநீரில் கிருமியைக் கொட்டிக்கொண்டே ஓடித்திரியும். காய்ந்த வெயில் நிலத்தில் விழுந்த கிருமி விரைவில் செத்துவிடும். ஈரமான, சற்றுக் காரத்தன்மையுள்ள நன்னீரிலும் மண்ணிலும் கிழமைக்கணக்கில் உயிரோடு இருக்கும். சுண்ணக்கல் நாட்டு மாரி அதற்குத் தொட்டில்தான்.

2024 நவம்பர் இறுதியில் குடாநாட்டில் பெருமழை பெய்தது. வெள்ளம் வடிந்து, டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகச் சிலர் அடுத்தடுத்து இறந்தபோது, என்ன நோய் என்று சனங்கள் கலங்கினார்கள். பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. கிருமி உடலில் புகுந்து நோய் தெரியப் பெரும்பாலும் ஒன்று, இரண்டு கிழமைகள் எடுக்கும். அதனால்தான் மழை விட்டு, எல்லோரும் மூச்சு விட்ட பிறகு அது வந்தது.

கிருமி புகக் கடி எதுவும் வேண்டாம். காலில் ஒரு கீறல் போதும். நெடுநேரம் நீரில் ஊறி மெதுமெதுத்த தோலும் கண், வாய்ச் சவ்வுகளும் அதற்குக் கதவு. நாய்க்கு இந்தக் கதவுகள் இன்னும் அகலம். அது எலி பிடிக்கும், குட்டை நீரைக் குடிக்கும், மற்ற நாய் சிறுநீர் விட்ட இடத்தை முகரும், சேறான பாதத்தை நக்கும். நோய் பிடித்த நாய் சாப்பாட்டை வெறுக்கும், வாந்தி எடுக்கும், அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், முதுகை வளைத்து நடக்கும்; கண்வெள்ளையும் பல்முரசும் மஞ்சளாகலாம். சில நாய்கள் எதையும் காட்டாமலே கிருமியைச் சிறுநீரில் வெளியேற்றும். நாய் நனைத்த விறாந்தையைப் பிள்ளை வெறுங்காலோடு கடந்தால், எலியிடமிருந்து வீட்டுக்குள் பாலம் போட்டாயிற்று.

பூனைக்கு இந்த நோய் அரிதாகத்தான் கடுமையாகும். நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு. முதல்முறை இரண்டு தடவை, சில கிழமை இடைவெளியில் போடவேண்டும். பிறகு வருடம் ஒருமுறை. கிருமியின் எல்லா வகைகளையும் அது மறிக்காது என்றாலும் போடாமல் விடுவதைவிடப் பல மடங்கு நல்லது. வானம் கறுத்த பிறகு மிருக வைத்தியரிடம் ஓடிப் பயனில்லை, உடல் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கக் காலம் வேண்டும். ஆவணியில் போடுங்கள். வெள்ளத்தில் இறங்கி வேலை செய்யும் மனிதர்களுக்கும் தடுப்பு மாத்திரை உண்டு. அதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்கவேண்டும். கெண்டைக்கால் வலியும் சிவந்த கண்ணுமாகக் காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் நின்றதை வைத்தியரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

அடுத்தது குளிர். நமது நாட்டில் குளிரா என்று சிரிக்கவேண்டாம். 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் வங்கக் கடலில் நின்ற நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் செத்து விழுந்தன. குளிர் அதிர்ச்சிதான் காரணம் என்று கால்நடை வைத்தியர்கள் கண்டார்கள். மயிருக்கிடையில் சிக்கியிருக்கும் காற்றுத்தான் விலங்கின் போர்வை. மயிர் நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர். அது காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதன்மேல் காற்று வீசினால் ஆவியாதல் தொடங்கும். நடுத்தர நாய் ஒன்றின் உடம்பில் அரை லீற்றர் தண்ணீர் தங்கினால், அது முழுதும் ஆவியாக ஏறத்தாழ 290 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அது ஒரு நாள் தின்றதில் மூன்றில் ஒரு பங்கு. எல்லாம் உடம்பிலிருந்தே போகாது, ஆனாலும் பெரும்பகுதி அங்கிருந்துதான். ஆகவே நனைந்த நாயைப் பழைய சாரத்தால் அழுத்தித் துவட்டுவதைச் செல்லம் என்று நினைக்காதீர்கள், அது வைத்தியம்.

ஆட்டின் வயிற்றில் ஓர் அடுப்பு இருக்கிறது. இரைப்பையில் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கவைக்கும்போது வெப்பம் வெளியாகும். நனைந்த பச்சைக் குழையை மட்டும் போட்டால் வயிறு தண்ணீரால் நிரம்பி அடுப்பு மங்கும். காய்ந்த வைக்கோல் ஒரு கட்டு மழைக்கு முன்பே கூரையடியில் இருக்கட்டும். சின்ன உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் தோற்பரப்பு அதிகம், வெப்பம் விரைவில் போய்விடும். அதனால் குட்டிகளை முதலில் வீட்டுக்குள் எடுங்கள். குசினிக்குள் ஆட்டுக்குட்டியா என்று முகம் சுளிக்கிற அம்மம்மாவும் இரண்டு நாள் பொறுத்துக்கொள்வார்.

வெள்ள வளவில் மேடு குறைவு. கோழிக்கூடு, விறகுக் கும்பம், கிணற்றுக்கட்டு, வீட்டுப்படி, அவ்வளவுதான். வளை நிரம்பிய எலியும் அங்கேதான் ஏறும். எலிக்குப் பின்னால் எட்டடி விரியனும் புடையனும் நாகமும் ஏறும். இரவில் கோழி சத்தம் போட்டால் கையை விடமுன் டோர்ச் அடியுங்கள். சாப்பாட்டுத் தட்டில் மிச்சம் வைக்கவேண்டாம், அது எலிக்கு அனுப்பும் அழைப்பிதழ். கூட்டைத் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குத் தூக்குங்கள்.

கட்டிய நாயைப் பற்றி மட்டும் நான் பிடிவாதம். நம்மில் பலர் நாயைக் கிணற்றடியிலோ கேற்றடியிலோ கட்டுகிறோம். இரண்டும் வளவின் பள்ளமான இடங்கள். மழை இரவில் அதைச் சங்கிலியோடு விட்டு வெளியேறினால், முழங்காலளவு தண்ணீரே அதைக் கொல்லும். வீட்டுக்குள் கட்டவேண்டியிருந்தால் சங்கிலியை விடுங்கள். ஒரே இழுவையில் அவிழும் உருவு முடிச்சோடு கயிறு போதும். இடம்பெயரும்போது நாயையும் கொண்டுபோக முடியுமா என்று கிராம அலுவலரிடம் முன்பே கேட்டுவையுங்கள். அமெரிக்காவில் 2005-இல் கத்ரீனா புயலின்போது வளர்ப்புப் பிராணியை விட்டுவர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கியவர்கள் பலர். அடுத்த வருடமே அனர்த்தத் திட்டங்களில் பிராணிகளையும் சேர்க்கச் சொல்லி அங்கே சட்டம் வந்தது.

பூனை தானாகக் கூரையேறிப் பிழைக்கும். அதற்கு ஆபத்து பெரும்பாலும் நம்முடைய கையால்தான். காய்ச்சல்போல் சுருண்டு கிடக்கிறதே என்று பனடோல் கொடுக்காதீர்கள். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் நொதியம் பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும். வெள்ளம் வடிந்தபின் வீடு கழுவும் பினைலும் அதே காரணத்தால் பூனைக்கு நஞ்சு. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். தரையைச் சவர்க்காரத்தால் கழுவி, குளோரின் கரைசலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பூனையை விடுங்கள். எலிக்கிருமிக்கும் குளோரினும் வெயிலும்தான் எமன்.

கடைசியாகக் கிணறு. நீர் வடிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில் குளோரின் இட்டு, அவர் சொல்லும்வரை கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். மாட்டுக்கும் நாய்க்கும் அதே தண்ணீர்தான், குட்டைத் தண்ணீர் வேண்டாம். குளோரின் மணம் பிடிக்காமல் எங்கள் நாய் முதல்நாள் வாளியை முகர்ந்துவிட்டு முற்றத்துக் குட்டையைத் தேடிப் போனது. வாளியைத் திறந்தபடி சில மணிநேரம் வெயிலில் வைத்தேன். மணம் பறந்துபோய், பின்னேரம் அது குடித்தது.