கிருதா வடிவத் தடிப்புக்குக் கத்தரிக்காய் என்ன செய்யும்?

தோல் மருத்துவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு உணவுப் பட்டியலோடுதான் வருகிறார்கள். கத்தரிக்காயை நிறுத்தியாச்சு, கருவாடு வீட்டுக்குள்ளேயே வருவதில்லை, முட்டை கொடுப்பதில்லை. பழைய காலத்து வேஷம் போடுகிற ரெட்ரோ பார்ட்டி முடிந்த சில நாளில் முகம் வீங்கி வருகிற குடும்பங்களும் அப்படித்தான். இந்த மாதம் வந்த குடும்பத்தோடு என் பொறுமை தீர்ந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாத்தாவுக்கு அறுபதாம் கல்யாணம். காலையில் கோயில், மாலையில் பிள்ளைகள் ஏற்பாடு செய்த ‘எண்பதுகள்’ தீம். மொத்தக் குடும்பத்துக்கும் வாடகை உடை. மகனுக்குப் பெல்பாட்டம், நாய்க்காது காலர், ஒட்டுக் கிருதா. மருமகளுக்குப் புள்ளி போட்ட சேலை, பஃப் கை ரவிக்கை, நெற்றி நிறைய ஸ்டிக்கர் பொட்டு. ஏழு வயதுப் பேரனுக்கு மீசை வரைந்திருக்கிறார்கள். போனில் படம் காட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது, அதில் எனக்கு வருத்தமில்லை.

இப்போது நேரில் பார்த்தது. மகனின் இரண்டு கன்னத்திலும் தடிப்பு. காதோரம் தொடங்கி, கீழே வர வர அகன்று, தாடைக்கு ஒரு விரற்கடை மேலே கத்தரித்து விட்டது போல நேர்க்கோட்டில் நிற்கிறது. உள்ளே பொடிக் கொப்புளங்கள். ஓரத்தில் நீர் கசிந்து காய்ந்த மஞ்சள் பொருக்கு. பேரனின் மேலுதட்டில் மீசையை அழித்த பிறகும் மீசை இருக்கிறது, சிவப்பாக. அதைப் பார்த்துக்கொண்டே பையனின் அம்மா கேட்டார்: “காலை டிபனுக்குக் கத்தரிக்காய் கொத்சு வச்சாங்க டாக்டர். அதுவா இருக்குமோ?”

கத்தரிக்காய்க்குக் கன்னத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடத் தெரியாது அம்மா.

சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போனால் எப்படி இருக்கும் என்பதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். கொசு கடித்தது போலத் திட்டுத் திட்டாக வீங்கும், இடம் மாறும், முதுகில் இருந்தது மறைந்து தொடையில் கிளம்பும். ஒரே தடிப்பு ஒரு நாளைத் தாண்டி அதே இடத்தில் உட்கார்ந்திருக்காது. கொப்புளம் போட்டு நீர் வடியாது. ஒட்டிய பொருளின் வடிவத்தில் வரவே வராது. இரண்டு மூன்று நாள் கழித்து, பசை தடவிய இடத்தில் மட்டும், ஓரம் தெளிவாக வருவது தொடு ஒவ்வாமை.

உடனே அடுத்த வாதம் வரும். “அன்னைக்கு ஒண்ணுமே ஆகலையே டாக்டர், ரெண்டு நாள் கழிச்சுல்ல வந்துச்சு.” ஆமாம், அப்படித்தான் வரும். இந்த வகை ஒவ்வாமை தாமதமாகத்தான் வரும். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க நாங்கள் முதுகில் பட்டை ஒட்டிச் செய்கிற பேட்ச் டெஸ்ட்டில், ஒட்டியதை 48 மணி நேரம் கழித்து எடுக்கிறோம். எடுத்த அன்றும் பார்ப்போம், அடுத்த ஓரிரு நாளிலும் பார்ப்போம். 1895-ல் ஜெர்மன் தோல் மருத்துவர் யோசப் யாடசோன் இந்தச் சோதனையை அறிவித்த காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி இது. நீங்கள் சனிக்கிழமை ஒட்டிய கிருதாவின் பதில் திங்கட்கிழமைதான் வரும். அதற்குள் நான்கு வேளை சாப்பிட்டிருப்பீர்கள். பழி சாப்பாட்டின் மேல் போய்விடும்.

“போன வருஷம் ஆபீஸ் ரெட்ரோ டேக்கும் இதே பசைதான் போட்டேன், ஒண்ணும் ஆகலை.” அதுதான் பிரச்சினையே. முதல் தடவை உடம்பு அந்தப் பொருளை அடையாளம் பிடித்து வைத்துக்கொள்ளும். சண்டை அடுத்த தடவைதான். முன்பு ஒத்துக்கொண்டது என்பதால் இப்போதும் ஒத்துக்கொள்ளும் என்று பொருளில்லை. ‘மூணு மணி நேரம்தானே போட்டோம்’ என்பதும் அப்படியே. உடம்புக்கு ஏற்கெனவே அடையாளம் தெரிந்திருந்தால் மூன்று மணி நேரம் தாராளம்.

மேக்கப் ஆட்கள் ஒட்டுமீசைக்குப் பயன்படுத்தும் ஸ்பிரிட் கம் என்பது பைன் மரப் பிசினை ஆல்கஹாலில் கரைத்தது. அந்தப் பிசின் பேட்ச் டெஸ்ட்டில் நாங்கள் வழக்கமாக வைக்கிற பொருட்களில் ஒன்று, அவ்வளவு பேருக்கு ஒத்துக்கொள்ளாது. அது கிடைக்கவில்லை என்று உடைந்த பொம்மையை ஒட்டும் உடனடிப் பசையை எடுக்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பஞ்சிலும் பருத்தித் துணியிலும் அது பட்டால் சூடாகிச் சுடும், இமையில் பட்டால் இமையையே ஒட்டிவிடும்.

பேரனின் கதை வேறு. கண் மை வியர்வையில் கலைந்துவிடும் என்று தாத்தாவின் தலைச்சாயத்தைக் குழைத்து மீசை வரைந்திருக்கிறார்கள். குழந்தையின் உதட்டுக்கு மேல்! முன்பு எப்போதாவது ‘கறுப்பு மெஹந்தி’ டாட்டூ போட்டானா என்று கேட்டேன். பொருட்காட்சியில் ஒரு தேள் போட்டுக்கொண்டானாம், அதுவும் லேசாகத் தடித்துப் பிறகு ஆறிவிட்டதாம். ஆக, உடம்பு அன்றைக்கே அடையாளம் பிடித்துவிட்டது.

கறுப்புத் தலைச்சாயத்திலும் அந்தக் ‘கறுப்பு மெஹந்தி’யிலும் இருப்பது பாரா-ஃபீனிலீன்டையமின், நாங்கள் சுருக்கமாகப் பி.பி.டி. என்போம். ஐரோப்பாவில் தலைச்சாயத்தில்கூட 2 சதவீதத்துக்கு மேல் அனுமதியில்லை. தோலில் வரையும் சாயத்தில் அறவே கூடாது. அசல் மருதாணி ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பாகத்தான் பிடிக்கும். கரிக்கறுப்பாக, உடனே பிடித்தால் உள்ளே வேறு எதுவோ இருக்கிறது. இந்தப் பையனுக்கு நாற்பது வயதில் நரை வந்து டை அடித்தால், கண் மூடுகிற அளவுக்கு முகம் வீங்கலாம். சில துணிச் சாயங்களும் மரத்துப்போகத் தடவும் சில மருந்துகளும்கூட அவனுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பி.பி.டி. ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. ஒரு சாயங்காலப் போட்டோவுக்காக இது.

ஸ்டிக்கர் பொட்டு ஒரு நாளைக்கு வைத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. தினமும் வைக்கிறவர்களுக்குத்தான் பசையிலுள்ள வேதிப்பொருளால் அந்த இடம் வெளுக்கலாம். வெள்ளி நிறப் பட்டை பெல்ட், கனமான சங்கிலி, வளைய ஜிமிக்கி எல்லாவற்றிலும் நிக்கல் இருக்க வாய்ப்புண்டு. கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்கள் இவற்றைத் தொடவே வேண்டாம். பளபளக்கும் கருநீலப் பாலியஸ்டர் உடையில் வியர்த்துவிட்டு, அக்குள் ஓரத்திலும் தொடையின் உள்பக்கத்திலும் அரிப்போடு வருகிறவர்களுக்குத் துணிச் சாயத்தைத்தான் சந்தேகப்படுவேன்.

இனி வாடகை உடை. ஜிகினாவையும் வெல்வெட்டையும் வெந்நீரில் போட முடியாது, போட்டால் உடையே போச்சு. அதனால் வெயிலில் காயவைத்து சென்ட் அடித்து அடுத்தவருக்குக் கொடுப்பது நடக்கிறது. வாசனை வருவதால் துவைத்தது என்று நினைத்துக்கொள்கிறோம். படர்தாமரைப் பூஞ்சையோ சென்ட்டுக்கு அசைகிற ஜாதியில்லை. இப்போது நம் ஊரில் சுற்றுவது சாதாரணப் பூஞ்சையும் அல்ல. ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று 2020-ல் நம் நாட்டின் பெயரைச் சேர்த்தே அதற்குப் பெயர் வைத்தார்கள். வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினாஃபின் மாத்திரைக்கே பல சமயம் மசிவதில்லை. இறுக்கமான பெல்பாட்டம் இடுப்பில் பிடித்த இடத்தில் ஒன்றிரண்டு வாரம் கழித்து வட்டமாக, விளிம்பு மட்டும் சிவந்து வந்தால், ‘வியர்க்குரு’ என்று பவுடர் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். சர்க்கரை உள்ள தாத்தா பாட்டிக்கு இது இன்னும் சீக்கிரம் பரவும்.

மெடிக்கல் ஷாப்பில் ‘அரிப்புக்கு ஒரு ட்யூப்’ என்று கேட்டு வாங்குவதும் வேண்டாம். உங்கள் கையில் வருவது பெரும்பாலும் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்ட்டிபயாட்டிக்கும் ஒன்றாகக் கலந்தது. அரிப்பு அன்றே அடங்கும், பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவும். தொடை இடுக்கில் போடுகிறவர்களுக்குத் தோல் மெலிந்து, கர்ப்பிணி வயிற்றில் வருவது போன்ற வரிகள் விழும். அவை மறையாது. 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவிட்டது. சட்டம் இருக்கட்டும், நீங்கள் கேட்காமல் இருந்தால் போதும்.

வேஷம் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போடுங்கள், ஆனால் அதற்கு முன்பும் பிறகும் கொஞ்சம் மெனக்கெடுங்கள். பசையை ஒரு வாரம் முன்பே வாங்கி, முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் அளவு தினமும் தடவிப் பாருங்கள். சிவந்தால் வேண்டாம். முந்தின நாள் தடவிப் பார்த்தால் போதாது, ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். ஷேவ் செய்த கையோடு ஒட்டாதீர்கள். பிய்த்து எடுக்காதீர்கள், தேங்காய் எண்ணெய் ஊறவைத்தால் தானாக நெகிழும். குழந்தைக்கு மீசை வேண்டுமானால் முகத்துக்கென்றே விற்கும் பென்சில், அதற்கு மேல் எதுவும் கூடாது. வாடகை உடைக்கு உள்ளே பருத்தி பனியனும் லெகிங்ஸும் போடுங்கள். விக்குக்குள் தலையை மூடுகிற பருத்தித் துணி, ஆளுக்கொன்று. வீடு வந்ததும் குளித்து, உள்ளே போட்டதை வெந்நீரில் துவைத்துவிடுங்கள். நைலான் விக்கும் பாலியஸ்டர் உடையும் போட்ட பிள்ளைகளைக் கேக்கு மெழுகுவர்த்தி மேல் குனிய விடாதீர்கள், உருகி ஒட்டுகிற துணி தோலோடுதான் வரும். தீக்காயப் பிரிவில் இருக்கும் நண்பர்களைக் கேட்டால் சாப்பாடு இறங்காது.

தடிப்பு வந்துவிட்டால் சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, பற்பசை எதுவும் வேண்டாம். கண் மூடும் அளவு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ எங்களுக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றபடி என்னிடம் வரும்போது சாப்பிட்ட பட்டியலை வீட்டில் வைத்துவிட்டு, பசை பாட்டில், சாயப் பாக்கெட், உடை, ஏற்கெனவே தடவிய ட்யூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். கொத்சு சாப்பிடலாம்.