‘ஸ்லம்’ என்பதற்குச் ‘சேரி’ என்று எழுதலாமா?

வளரும் நாட்டு நகரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘ஸ்லம்’ (slum) என்ற ஆங்கிலச் சொல் வந்ததும் ‘சேரி’ என்று போட்டுவிடுகிறார்கள். ஊர்ப் பெயரிலேயே சேரியைச் சுமக்கும் புதுச்சேரிக்காரர்களும் அப்படித்தான் எழுதுகிறோம். அது தவறு.

‘சேர்’ என்ற வினையிலிருந்து வந்தது சேரி. மக்கள் சேர்ந்து வாழும் இடம். தொல்காப்பியம் மக்களின் பேச்சு வழக்கைச் ‘சேரிமொழி’ என்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரை மதிலுக்கு வெளியே தங்குமிடம் அறவோர் வாழும் புறஞ்சேரி. சோழர் கல்வெட்டுகளில் பிராமணர் குடியிருப்புகளும் சேரிகளே. பிற்காலத்தில் சாதிதான் ஊர் வேறு, சேரி வேறு என்று கோடு கிழித்து, ஒடுக்கப்பட்டவர்களின் தெருக்களுக்கு மட்டும் இச்சொல்லை ஒதுக்கியது. இன்று அதை ஸ்லமுக்கு ஈடாக்கும்போது அந்த இழிவை நாமும் உறுதிசெய்கிறோம்.

ஸ்லம் வேறு வழியில் வந்த சொல். 1812இல் தொகுக்கப்பட்ட ஆங்கிலக் கொச்சைச் சொற்பட்டியலில் அதற்கு ‘அறை’ என்றே பொருள். பிறகுதான் லண்டனின் நெரிசலான ஏழைத் தெருக்களைக் குறித்தது. துருக்கியில் ‘கெஜெகொண்டு’ என்பார்கள்: இரவோடு இரவாக எழுப்பியது. பிரெஞ்சில் ‘பிதோன்வில்’, பிதோன் என்றால் டின்.

எங்கள் பகுதி வாய்க்கால் கரையில் ஒரு வீட்டுக் கதவு, எண்ணெய் டின்களை வெட்டி விரித்து ஆணியடித்தது. டின்னில் அச்சிட்ட நிலக்கடலைப் படம் இன்னும் மங்கவில்லை. சுவர்கள் செங்கல், குடிசை என்று சொல்ல முடியாது. அந்த வீட்டு அம்மாள் புதிய அடுக்குமாடிகளுக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறார். தண்ணீருக்குத் தெருமுனைக் குழாய். பட்டா கிடையாது.

ஐக்கிய நாடுகள் வாழ்விட அமைப்பு ஐந்தைக் கேட்கிறது: உறுதியான வீடு, போதிய இடம், நல்ல தண்ணீர், கழிப்பறை, வெளியேற்றப்படும் அச்சமில்லாத உரிமை. ஒன்று குறைந்தாலும் அது ஸ்லம் வீடு. அங்கே வாழ்பவர் யார் என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை.

தமிழ்நாட்டில் 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. நல்ல மாற்றம். ஆனால் ‘வாழ்விடம்’ எல்லோருக்கும் பொது. ஸ்லமைத் தனித்துச் சுட்டாது. ‘வசதியற்ற குடியிருப்பு’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. குறை எதில் என்பதை அது நேராகச் சொல்கிறது. அந்த அம்மாளின் வீட்டுக்குக் குழாயும் பட்டாவும் வந்துவிட்டால் அந்தப் பெயரும் அவரைவிட்டுப் போய்விடும்.