காரைச்சல்லி தீவு பக்கம் கான்கிரீட் ஏன் போடுறாங்க, நம்ம அங்க என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது

ஒரு வாரமா இதே கேள்விதான் வருது, "தூத்துக்குடி பக்கத்து காரைச்சல்லி தீவுகிட்ட 50 கோடிக்கு கடல்ல கான்கிரீட்டை இறக்குறாங்களாமே, அதுல நமக்கு என்ன, இனிமே அந்தப் பக்கம் வள்ளம் போகலாமா கூடாதா"ன்னு. ஆளுக்கு ஆள் தனியா சொல்றதுக்கு பதிலா ஒரே இடத்துல எழுதி வச்சிடுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல மன்னார் வளைகுடாவுல 21 தீவுன்னு எல்லா அரசாங்க பேப்பர்லயும் இருக்கும். ஆனா கடல்ல போய் எண்ணுனா 19தான். கீழக்கரை பக்கத்து பூவரசன்பட்டியும் நம்ம தூத்துக்குடி பக்கத்து விலாங்குச்சல்லியும் தண்ணிக்குள்ள போயிடுச்சு. கடல்மட்டம் கூடுது, அது ஒரு காரணம், ஆனா பெரிய காரணம் நம்ம கைதான். தீவைச் சுத்தி பவளப்பாறை இருந்தா அலை அங்கயே உடைஞ்சு வேகம் கொறஞ்சு உள்ள வரும். அந்தப் பாறையத்தான் பல வருஷமா கடப்பாரை வச்சு பேத்து வள்ளம் வள்ளமா கரைக்கு கொண்டு வந்தாங்க, சுண்ணாம்பு சூளைக்கு, ஃபேக்டரிக்கு, வீடு கட்ட. எங்க சித்தப்பா வீட்டு பின்சுவர்ல பூச்சு உதிர்ந்த இடத்துல பாத்தீங்கன்னா சின்னச் சின்ன பூ அச்சு குத்துன மாதிரி கல்லு தெரியும், தேன்கூட்டை கல்லாக்குன மாதிரி. அது அத்தனையும் ஒரு காலத்துல உயிரோட இருந்த பவளம். அப்ப அது தப்புன்னு யாருக்கும் தோணல, செங்கலை விட சீப்பா கிடைச்சுச்சு, அவ்வளவுதான்.

2001ல பவளத்தை வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்தோட முதல் அட்டவணையில சேத்தாங்க, அதாவது புலிக்கு என்ன பாதுகாப்போ அதே. சுனாமிக்கு அப்புறம் 2005 வாக்குல கல்லு எடுக்குறது நின்னுபோச்சு. ஆனா போன பாறை ஒரு வருஷத்துல ரெண்டு வருஷத்துல வளர்ற சமாச்சாரம் இல்ல, அதுக்குள்ள 2010லயும் 2016லயும் தண்ணி சூடேறி பவளம் வெளுத்து செத்தது வேற.

இப்ப தூத்துக்குடி பக்கத்துலயே இருக்குற இன்னொரு தீவான வான் தீவுக்கு வருவோம், ஏன்னா காரைச்சல்லி திட்டமே அங்க கத்துக்கிட்டதுதான். 1969ல சுமார் 20 ஹெக்டேர் இருந்த தீவு, 2015ல ரெண்டு ஹெக்டேர் கூட இல்ல, நடுவுல தண்ணி பூந்து ரெண்டு துண்டா வேற ஆயிருந்துச்சு. அப்ப மத்திய அரசோட காலநிலை மாற்ற தகவமைப்பு நிதியில இருந்து, நபார்டு வங்கி வழியா, மன்னார் வளைகுடா வேலைக்கு 25 கோடிக்கு பக்கமா ஒதுக்குனாங்க. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையமும் சென்னை ஐஐடியும் சேர்ந்து டிசைன் போட்டு, தீவுக்கு முன்னால செயற்கைப் பாறையா பத்தாயிரத்துக்கும் மேல கான்கிரீட் பிளாக்கை வரிசையா இறக்குனாங்க. நிறைய பேரு நினைக்கிற மாதிரி தீவு மேல மண்ணு கொட்டவே இல்ல. பிளாக் ஒவ்வொன்னும் அடிப்பக்கம் அகலமா, மேல குறுகலா, உடம்பெல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கும். அலை வந்து மோதி, பாதி ஓட்டை வழியா பூந்து, பலம் போயி உள்ள வரும்போது கையில இருக்குற மண்ணை தீவுப் பக்கம் போட்டுட்டுப் போயிடும். மண்ணை எடுத்துட்டுப் போன அதே அலைதான் திருப்பிக் கொண்டு வருது. தீவு தேயுறது நின்னுச்சு, கொஞ்சம் வளரவும் செஞ்சுருக்கு. ஓட்டைக்குள்ள மீன் குடி வந்துடுச்சு, பிளாக் மேல புது பவளமும் ஒட்ட ஆரம்பிச்சிருக்கு.

என்னைக் கேட்டா கான்கிரீட் ஒரு ஊன்றுகோல் மாதிரிதான், கால் அது இல்ல. பக்கத்துலயே கடல்தாழை, அதான் கடலடியில வளர்ற புல்லு, நடுற வேலையும் நடக்குது பாருங்க, நல்லா இருக்குற இடத்துல இருந்து கொஞ்சம் தாழைய வேரோட எடுத்து, சட்டகத்துல கயிறு கட்டி அதுல முடிஞ்சு தரையில வச்சா அது பரவி மண்ணை இறுக்கிப் பிடிச்சுக்கும், ஆவுளியாவுக்கு, அதாவது கடல்பசுவுக்கு, சாப்பாடே அதான். அந்த வேலைக்கு ஃபோட்டோ வராது, கிரேன்ல பிளாக் இறக்குற ஃபோட்டோதான் பேப்பர்ல வரும்.

காரைச்சல்லியும் 1969ல 20 ஹெக்டேருக்கு மேல இருந்ததுதான், இப்ப அதுல கால்வாசி கூட கிடையாது. இதுக்கு பணம் வர்றது தமிழ்நாடு நெய்தல் மீட்சி இயக்கத்துல இருந்து, டிஎன் ஷோர்னு சொல்றாங்களே அதேதான், உலக வங்கி உதவியோட நடக்குறது. சுமார் 50 கோடி, சுமார் 8,500 பிளாக்.

சரி, ரூல்ஸ். புதுசா ஒண்ணும் வரல, இதைத்தான் எல்லாரும் குழப்பிக்கிறாங்க. 1986லயே இந்த தீவுகளும் சுத்தியுள்ள கடலும் சேர்ந்து 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்கா ஆயிடுச்சு. அதனால வனத்துறை பர்மிட் இல்லாம தீவுல இறங்கக் கூடாது, விறகு பொறுக்க, சமைக்க, ராத்தங்க எதுக்கும். பசங்க பிறந்தநாளுக்கு போட் எடுத்துட்டுப் போய் ரீல்ஸ் எடுக்குறதும் இதுல சேத்திதான். தீவு பாக்கணும்னு ஆசைன்னா பாம்பன் குந்துகால்ல இருந்து வனத்துறையே குருசடை தீவுக்கு போட் விடுது, கிளம்புறதுக்கு முன்னாடி ஓடுதான்னு கேட்டுக்கோங்க. பவளம், கடலட்டை, கடல் குதிரை, ஆமை, ஆவுளியா எல்லாம் முதல் அட்டவணை. கேஸ் ஆச்சுன்னா குறைஞ்சது 3 வருஷம், 7 வருஷம் வரைக்கும் ஜெயில், 2022 திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் 25,000க்கு குறையாது. "செத்த பவளம்தான் சார், கரையில ஒதுங்குனது"ன்னு சொன்னாலும் எடுபடாது, ஷோகேஸ்ல வைக்க எடுத்துட்டுப் போகாதீங்க. வலையில ஆமையோ ஆவுளியாவோ மாட்டுனா வலைய அறுத்தாவது அங்கயே விட்டுடுங்க, கரைக்கு கொண்டு வந்தாதான் சிக்கல்.

ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் தடைக்காலம் இருக்குல்ல, அது விசைப்படகுக்கு, அது மீன்வளத்துறை. இது வனத்துறை, வருஷம் பூரா. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக்காதீங்க. விசைப்படகு கரையில இருந்து 3 கடல் மைலுக்குள்ள மீன் பிடிக்கக் கூடாதுன்னு 1983 சட்டம் தனியா இருக்கு.

நாட்டுப்படகுக்காரங்க கோபம் எனக்குப் புரியுது. கல்லை எடுத்து சுண்ணாம்பாக்கி காசு பாத்தவன் ஒருத்தன், பூங்கா எல்லைன்னு மறிக்கிறது இன்னொருத்தனை. கடலையும் சேத்து சரணாலயமோ பூங்காவோ அறிவிக்கும்போது உள்ளூர் மீனவர் தொழிலைப் பாதுகாக்க போதுமான ஏற்பாடு பண்ணணும்னு அதே வனவிலங்கு சட்டத்துல 26ஏ பிரிவுல எழுதியிருக்கு, பல பேருக்கு இது தெரியாது. பிளாக் இறக்குறதுக்கு முன்னாடி கருத்துக் கேட்பு கூட்டம் வச்சா போங்க, இந்தப் பிரிவைச் சொல்லி, எந்த வழியா நாங்க படகு கொண்டு போறது, பிளாக் வரிசை எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, மிதவை போட்டு அடையாளம் வைப்பீங்களான்னு கேளுங்க. எழுதிக் குடுங்க, வாயால சொன்னது மினிட்ஸ்ல ஏறாது.

ராமேஸ்வரம் பக்கம் கடல்பாசி எடுக்குற பெண்கள் இருக்காங்க, விரல்ல துணி சுத்திக்கிட்டு கண்ணாடி மாட்டிக்கிட்டு முங்கி எடுக்குறவங்க, அவங்க மாசத்துல 12 நாள்தான் போகணும்னு தாங்களே கூடிப் பேசி கட்டுப்பாடு வச்சிருக்காங்க. எந்த ஆபீசரும் சொல்லிக் குடுக்கல.

கடைசியா லோன். மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை கரையோர கிராமங்கள்ல சூழல் மேம்பாட்டுக் குழு அமைச்சு, அதுக்கு சுழல்நிதி குடுத்திருக்கு, குறைஞ்ச வட்டிக்கு மாற்றுத் தொழிலுக்கு கடன் வாங்கலாம். முதல்ல உங்க ஊர் குழு உயிரோட இருக்கான்னு பாருங்க, தலைவர் யாரு, கணக்குப் புக்கு யாருகிட்ட இருக்குன்னு கேளுங்க. எங்க ஊர்ல அந்தப் புக்கு ஒருத்தர் வீட்டுப் பரண்ல கிடந்துச்சு, எடுத்து தூசி தட்டுனப்புறம்தான் பாக்கி எவ்வளவுன்னே தெரிஞ்சுச்சு.